மாரிக்கனி வாசித்த பக்கம்

மாரிக்கனி எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பது ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் அவள் தெருவுக்கே தெரியும். அவள் மகன் பிரேம்குமார் சொல்லிச் சொல்லியே தெரிய வைத்திருந்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், ஒவ்வொருவரையும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். "எங்க வம்சத்துல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான். ஆனா எங்கம்மா எட்டு வரைக்கும் படிச்சவங்க. வசதி இருந்திருந்தா டீச்சராயிருப்பாங்க" என்று அவன் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அவளிடமே பெருமையாக ஒப்பித்தான். அவள் அடுப்பில் இருந்து கண்ணை எடுக்காமல், "இதெல்லாம் எதுக்குய்யா அங்க போயிச் சொல்லுத" என்று மட்டும் கேட்டாள்.

உண்மையில் அவள் படித்தது இரண்டாம் வகுப்பில் பாதி. தம்பி பிறந்தான், தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். தொட்டில் வேலை முடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸ் வேலை வந்தது. அது முடிந்ததும் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில். மில்லில் சேர எட்டாம் வகுப்பு வேண்டும் என்றார்கள். கூட்டிப்போன மேஸ்திரி, "எட்டுன்னு சொல்லு, ஒருத்தரும் கேக்க மாட்டான்" என்றார். சொன்னாள். ஒருவரும் கேட்கவில்லை. விஜயபாண்டி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோதும் அதே எட்டைத்தான் சொன்னார்கள். அப்புறம் அந்த எட்டு அவள் பேரோடு ஒட்டிக்கொண்டது.

கல்யாணமான புதிதில் யாரோ கொடுத்த பத்திரிகையை விஜயபாண்டி அவளிடம் நீட்டி, "முகூர்த்தம் எப்பன்னு பாரு" என்றார். தலைவலி என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் அதைத் தானே எடுத்துப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு எழுத்து இருக்கிற எதையும் அவர் அவளிடம் நீட்டியதே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். தெரிந்தும் கேட்காமல் இருந்த மனுஷன். காமாலை வந்து அவர் போன பிறகு, தெரிந்த ஆள் என்று அவளைச் சுற்றி யாரும் மிஞ்சவில்லை.

மகனிடம் அவள் ஆரம்பத்திலிருந்தே கவனமாக இருந்தாள். அவன் பாடம் படிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தமா வாசி" என்பாள். அவன் வாசிக்க வாசிக்க வரிக்குக் கீழே விரலை நகர்த்துவாள். அவன் குரல் தடுமாறுகிற இடத்தில் விரலை நிறுத்தி முறைப்பாள். அவன் மறுபடி ஒழுங்காக வாசிப்பான். அம்மாவை ஏமாற்ற முடியாது என்று அவன் நம்பியே வளர்ந்தான். எல்லாப் பாடத்தையும் சத்தம் போட்டு வாசித்ததாலோ என்னவோ, வகுப்பில் முதல் ஆளாகவே வந்தான். கையெழுத்துக்குத் தன் பேரை மட்டும் வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். செல்போன் வந்த பிறகு, "டைப் பண்ண எங்கய்யா நேரம்" என்று குரலாகவே அனுப்பினாள். கண்ணாடி எடுத்துவரவில்லை என்ற சாக்கு எல்லா இடத்திலும் செல்லுபடியானது.

அப்படி வளர்ந்த பிரேம்குமார்தான் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தான். ஆராய்ச்சி என்னவென்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் நின்று விளக்கினான்.

"கைரேகை ஆளுக்கு ஆள் வேற வேறல்ல. அதே மாதிரி கண்ணு ஓடுறதும் வேற வேறதான். கண்ணு வழுக்கிக்கிட்டுப் போவுதுன்னு நாம நெனைக்கோம். அப்படி இல்ல. ஒரு எடத்துல நிக்கும், பொறவு தவ்வும், திரும்பவும் நிக்கும். எங்க நிக்கு, எம்புட்டு நேரம் நிக்கு, எப்படித் தவ்வுதுன்னு மெஷின வச்சுப் பாத்து இன்னார்தான்னு சொல்ல முடியுமான்னு பாக்கோம்."

பக்கத்து வீட்டு யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏன் மதினி, எங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க உங்க மகன. அவிய கண்ணு எங்கெங்க தவ்வுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அதுக்கு மெஷின் எதுக்கு யோகு, தெருவே சொல்லும்" என்றாள் மாரிக்கனி.

பிரேம்குமாருக்கு வழிகாட்டியாக இருந்தவர் சத்யப்பிரியா மேடம். மாணவர்களின் கண்களை மட்டும் பதிந்தால் போதாது, வயதும் வேலையும் வேறு வேறாக உள்ளவர்கள் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் வேலைக்குப் போகும் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்தான். யோகேஸ்வரி வந்தாள். தெருவிலேயே மூத்தவளான சுடலைமாடத்தி வந்தாள். மாரிக்கனி முதலில் வரவில்லை என்றாள். சொந்த மகன் கூப்பிட்டு வராமல் இருந்தால் அதுவே பேச்சாகிவிடும் என்று தோன்றியதும் சேலை மாற்றிக்கொண்டு ஏறினாள். புள்ளி ஒன்று திரையில் குதிக்கும், அதைப் பார்த்தால் போதும் என்றுதான் மகன் சொல்லியிருந்தான்.

புள்ளி குதித்தது உண்மைதான். அதற்குப் பிறகு படங்கள் வந்தன. கடைசியில் ஒரு பக்கம் நிறைய எழுத்து இருந்தது.

முதலில் போன சுடலைமாடத்தி, தலை அசையாமல் இருக்கத் திரைக்கு முன்னால் வைத்திருந்த தாங்கியில் நாடியை வைத்தபடியே சத்தமாகச் சொன்னாள். "ஏ பிரேமு, எனக்கு எழுத்து தெரியாதுய்யா. ஒன் மெஷினுக்கு அதையும் சொல்லிரு."

"பரவால்ல பெரியம்மா. உங்களுக்கு அதுக்குப் பதிலா இன்னும் ரெண்டு படம் போடுறேன்."

"படம்னா நல்ல படமாப் போடு. மாடு கன்னு இருக்கிறதாப் போடு."

எல்லாரும் சிரித்தார்கள். சுடலைமாடத்தியும் சிரித்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த மாரிக்கனிக்கு எல்லாம் கேட்டது. அவ்வளவு எளிதாக அதைச் சொல்லிவிட முடிந்திருக்கிறது. எனக்கும் தெரியாதுய்யா என்று போய்ச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அவள் சுடலைமாடத்தி இல்லை. அவள் பிரேம்குமாரின் எட்டாம் வகுப்பு அம்மா.

அவள் முறை வந்தது. திரைக்குக் கீழே கறுப்பாக ஒரு சின்னப் பட்டை இருந்தது. அதுதான் கண்ணைப் பார்க்கிறது என்றான் மகன். "சத்தம் போடாம மனசுக்குள்ள வாசிம்மா. முடிச்சதும் இந்தப் பொத்தான அமுக்கு."

மனசுக்குள் என்று கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. மனசுக்குள் வாசிப்பதை யார் கேட்கப்போகிறார்கள்?

மில்லில் அவளுக்கு நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் சைடு பார்க்கிற வேலை. வரிசையாகக் கதிர்கள் சுற்றும். ஒவ்வொன்றிலும் நூல் ஏறிக்கொண்டிருக்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே ஒவ்வொரு கதிராகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இழை அறுந்திருந்தால் ஒட்ட வேண்டும். அறாமல் இருந்தால் அடுத்தது. எந்தக் கதிரிலும் தேவைக்கு மேல் நிற்கக் கூடாது, ஒன்றையும் விடவும் கூடாது. கோடி வந்ததும் திரும்பி அடுத்த வரிசை. அவள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வாசிப்பு அதுதான். திரையில் இருந்த பக்கத்தையும் அப்படியே பார்த்தாள். இடது கோடியில் தொடங்கி, ஒரே சீராக வலது கோடிக்கு வந்து, அடுத்த வரிசைக்கு இறங்கினாள். கடைசி வரிசை முடிந்ததும் பொத்தானை அமுக்கினாள்.

வேனில் திரும்பும்போது யோகேஸ்வரி, "அந்தக் கண்மாய் ஒடஞ்ச கதை நல்லாருந்துச்சுல்ல மதினி? நான் பாதி வாசிக்கதுக்குள்ள கண்ணக் கட்டிருச்சு" என்றாள்.

"ஆமா, நல்லாருந்துச்சு" என்றாள் மாரிக்கனி. கண்மாய் உடைந்த கதை என்று மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து அதே ஆட்கள் மறுபடி போனார்கள். முதல் தடவை பதிந்ததை வைத்து இரண்டாம் தடவை வந்திருப்பது யார் என்று மெஷின் சொல்ல வேண்டும். யோகேஸ்வரியை அது வேறு யாரோ என்றது. வேறு சிலரிடம் திணறியது. மாரிக்கனி பாதிப் பக்கம் போவதற்குள் அவள் பேரைச் சொல்லிவிட்டது.

பிரேம்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. "யம்மா, அம்புட்டு பேருலயும் ஒன்னத்தான் அது ஒடனே கண்டுபிடிச்சிச்சு. மேடமே அசந்துட்டாங்க. வாசிக்கும்போது எல்லாருக்கும் கண்ணு பின்னாலயும் திரும்பும், கஷ்டமான வார்த்தையில செத்த நேரம் நிக்கும். ஒனக்கு அப்படி எதுவுமே இல்ல. நூல் புடிச்ச மாதிரிப் போவுது. மில்லுல சைடு பாத்துப் பாத்து அப்படி ஆயிருக்கும்னு மேடம் சொன்னாங்க."

மாரிக்கனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளைப் போல வேறு யாரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஏன் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மகனுக்குத் தெரியாமல் இருக்கிறவரை சரி. அது அவனுக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் தான் யாராக அவன் முன்னால் நிற்பது என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவன் அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆராய்ச்சியை மதிப்பிடத் திருநெல்வேலியிலிருந்து ஐயாதுரை என்று ஒரு பேராசிரியர் வரப்போவதாகவும், அவர் முன்னால் மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொன்னான். யாரை உட்கார வைப்பது என்ற பேச்சே எழவில்லை. அம்மாதான்.

அன்று காலையில் அவள் ஒரு முயற்சி செய்தாள். "எனக்கு இன்னைக்கு ஷிப்ட்டுய்யா."

"மேஸ்திரிகிட்ட நேத்தே பேசிட்டேன். போயிட்டு வாங்கன்னுட்டாரு."

அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். முகம் அப்படி வெளிச்சமாக இருந்தது. அவள் வாசற்படி வரை போய்த் திரும்பி வந்தாள். "பிரேமு, ஒண்ணு சொல்லணும்."

"பயப்படாதம்மா. அவரு ஒன்னும் ஒன்னையக் கேள்வி கேக்க மாட்டாரு. நீ எப்பவும் போல வாசிச்சாப் போதும், மத்தத நான் பாத்துக்கிடுவேன்."

எப்பவும் போல. அவள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் போகும்போதும் சொல்லியிருக்கலாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்று உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். சின்ன வயதில் பாடம் ஒப்பித்த அதே முகம்.

பெரிய அறை ஒன்றில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐயாதுரையும் சத்யப்பிரியா மேடமும் முன்வரிசையில் இருந்தார்கள். பின்னால் மாணவர்கள் நிறைய. மெஷினை அன்று ஆராய்ச்சிக்கூடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, அந்த அறையில் இருந்த வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார்கள். மாரிக்கனி பார்க்கிற பக்கம் அவள் தலைக்கு மேலே சுவரிலும் பெரிதாகத் தெரியும். அவள் கண் போகிற இடம் ஒரு சிவப்புப் புள்ளியாக அதன் மேல் ஊரும். பிரேம்குமார் தள்ளி இன்னொரு மேஜையில் இருந்தான். அவனுக்கு முன்னால் எழுத்து கிடையாது, எண்கள் மட்டும்தான்.

"இவங்க யாரு?" என்று ஐயாதுரை கேட்டார்.

"எங்கம்மா சார். மில்லுல வேலை பாக்காங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்று அவர் கும்பிட்டார். மாரிக்கனியும் கும்பிட்டுவிட்டு நாடியைத் தாங்கியில் வைத்தாள்.

பக்கம் வந்தது. இந்தத் தடவை எழுத்துகள் வேறு மாதிரி இருந்தன. சுழி இல்லை, கொம்பு இல்லை. எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. கம்ப்யூட்டரில் இப்படியும் ஓர் எழுத்து இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள். யாரையாவது கேட்கலாம். கேட்டால், தெரியவில்லை என்று ஆகிவிடும். மற்றவர்கள் எல்லாரும் பேசாமல்தானே உட்கார்ந்திருக்கிறார்கள். இடது கோடியில் தொடங்கினாள். ஒவ்வொரு கட்டமாக, எதிலும் அதிகம் நிற்காமல், எதையும் விடாமல் வலது கோடிக்குப் போனாள். அடுத்த வரிசைக்கு இறங்கினாள்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து யாரோ யாரையோ அதட்டினார்கள். மாரிக்கனி கண்ணை எடுக்கவில்லை. வேலையில் பாதியில் கண்ணை எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கடைசி வரிசையையும் முடித்துப் பொத்தானை அமுக்கினாள்.

பிரேம்குமார் எழுந்து உற்சாகமாகச் சொன்னான். "பாருங்க சார், கரெக்டா மாரிக்கனின்னு சொல்லிருச்சு."

யாரும் கை தட்டவில்லை. ஐயாதுரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார். "வாசிச்சு முடிச்சிட்டீங்களாம்மா?"

"முடிச்சிட்டேன் சார்."

"என்ன போட்டிருந்துச்சு?"

மகன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மனசில் முடிந்துவைத்திருந்ததை அவிழ்த்தாள். "கண்மாய் ஒடஞ்ச கதை சார்."

இந்த முறை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. அப்போதுதான் பிரேம்குமார் திரும்பிச் சுவரைப் பார்த்தான். சுவரில் தமிழும் இல்லை, வேறு எந்த மொழியும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு ஏறாமல், எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெற்றுக் கட்டங்கள் நின்றன. வாசிக்கத் தெரிந்த யாராக இருந்தாலும் முதல் வரியிலேயே, சார் எழுத்து வரலை என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கட்டங்களின் மேல் அவன் அம்மாவின் கண் போன தடம் சிவப்பாக, வரிசை வரிசையாக, ஒரு பிசிறு இல்லாமல் கிடந்தது.

"ஃபான்ட் லோட் ஆகலை சார்" என்று சத்யப்பிரியா மேடம் அவசரமாக எழுந்தார். "இப்ப மாத்திருவாங்க. ஏய், என்ன சிரிப்பு அங்க."

பிரேம்குமார் நகரவில்லை. அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இல்லை. அவன் நினைவில் பின்னால் பின்னால் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"மாத்த வேண்டாம் மேடம்" என்றான் கடைசியில். "சார், இவங்க டேட்டாவ எடுத்திர்றேன்."

"ஏன் தம்பி? மெஷின் ஆளச் சரியாத்தானே சொல்லிருக்கு."

"வாசிக்கும்போது கண்ணு போறதுன்னு பதிஞ்சிருக்கோம் சார். அது தப்பு. இவங்களுக்கு வாசிக்கத் தெரியாது."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆராய்ச்சி செய்கிறவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஐயாதுரை தலையை ஆட்டினார். மாரிக்கனி தாங்கியிலிருந்து நாடியை எடுத்தாள். கன்னத்தில் அதன் தடம் பதிந்திருந்தது. இவங்களுக்கு என்று அவன் சொன்னதுதான் அவள் காதில் நின்றது. வேறு யாரோ ஒரு பொம்பளையைப் பற்றிச் சொல்வதுபோல.

மீதி நேரம் அவள் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சத்யப்பிரியா மேடம் காபி கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் போகும்போது அவளைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டு போனார்கள். பிரேம்குமார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "போவமா" என்றான். கல்லூரி வேன் இருவரையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது.

நல்ல கூட்டம். பூக்காரிகளுக்கும் சீட்டு பிடிக்கத் துண்டு போடுகிறவர்களுக்கும் நடுவில் அவர்கள் நின்றார்கள்.

"ரெண்டாப்பு பாதியோட நிறுத்திப்புட்டாகய்யா" என்றாள் மாரிக்கனி, அவனைப் பார்க்காமல்.

"சரிம்மா."

"மில்லுல சேரும்போது எட்டுன்னு சொல்லச் சொன்னாக. பொறவு அதுவே ஆகிப்போச்சு."

"சரிம்மா. விடு."

"ஒங்கப்பாவுக்குத் தெரியும்."

அவன் செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல."

"எப்பய்யா சொல்ல?"

"நான் தப்பா வாசிச்சிருந்தாக்கூட..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி வந்து மூடியைத் திறந்து கொடுத்தான். அவள் குடிக்கும்வரை பையை வாங்கி வைத்துக்கொண்டான். இதற்கு முன்னால் அவன் இப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. அம்மாவிடம் சண்டை போடுவான், கிண்டல் செய்வான், துணியைத் தூக்கி எறிவான். இன்று அவன் காட்டிய பதவிசு அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் வேணா ஒனக்குச் சொல்லித்தாரேன்மா. சாயங்காலம் கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும்."

"எனக்கு எதுக்குய்யா இனிமே."

பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. தூரத்திலேயே அது எந்த வண்டி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன் கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழ மாலை, இடப்பக்கம் நசுங்கிய பம்பர், ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஓட்டுகிற டிரைவர். அவள் கால்கள் தாமாகவே முன்னால் போயின. பிரேம்குமார் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். பேருந்தின் நெற்றியில் இருந்த பலகையைக் கையால் காட்டி, சுடலைமாடத்திப் பெரியம்மாவிடம் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்.

"ராஜபாளையம்னு போட்டிருக்கும்மா. இதுதான் நம்ம வண்டி. இதுல ஏறணும்."

மாரிக்கனி பலகையை அண்ணாந்து பார்த்தாள். "சரிய்யா" என்று சொல்லி, அவன் பிடித்த கையோடு ஏறினாள்.